அக்காவுக்குச் சொல்லவில்லை

அம்மா இறந்த ஆறாம் நாள் காலை எட்டு இருபதுக்கு அக்கா திலகவதி வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடம் கழித்து வந்தாள். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். வரிசை தவறினால் என் குற்றம் குறைந்து தெரியுமோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா கல்யாணம் செய்துகொண்டது சந்தவாசல் அருள்மணி மாமாவை. அவர் கிறிஸ்தவர். செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அக்காவும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். எங்கள் அப்பா தனகோடியை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அந்தச் செய்தி வந்த அன்று நைனா இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு, "இனிமே இந்த வூட்ல அந்தப் பேர எடுக்கக் கூடாது" என்றார். அவரும் எடுக்கவில்லை. அக்காவின் எண் என் போனில் இருந்தது. மூன்று வருடத்தில் நான்கு முறை பேசினோம். நான்கும் அவள் கூப்பிட்டவை.

கிறிஸ்தவர்களைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். மாறினவர்களுக்கு மாதாமாதம் கோதுமையும் பால் பவுடரும் வரும். பொட்டு வைத்தால் பாதிரியார் கோவிலுக்குள் விடமாட்டார். சாவு வீட்டில் அவர்கள் அழக் கூடாது. இவற்றை நான் நம்பியதில்லை. யார் சொன்னது, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பேன். யாராலும் பதில் சொல்ல முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குத் தட்டச்சு வகுப்பு. பக்கத்து மெஷினில் சரண்யா உட்காருவாள். போன வருடம் ஒருநாள், பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த சின்ன நோட்டீஸை என் மெஷின் மேல் வைத்தாள்.

"பாரு மதி, உங்கக்கா மதத்துல இன்னா போட்டுக்குதுன்னு. பெத்தவங்க சாவுக்குக்கூட போவக் கூடாதாம்."

"சும்மா உளறாத."

"நானா உளர்றேன்? மத்தேயு எட்டு, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. நம்பரே போட்டுக்கிறாங்க. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். போனில் பைபிளைத் தேடி அந்த இரண்டு வசனங்களை எடுத்தேன். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று ஒருவன் கேட்கிறான். செத்தவர்களைச் செத்தவர்களே அடக்கம் செய்துகொள்ளட்டும், நீ என் பின்னால் வா என்று இயேசு சொல்கிறார். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் படிக்கவில்லை. நோட்டில் எண்ணோடு எழுதி வைத்துக்கொண்டேன். என்னைத்தான் நான் எப்போதும் சந்தேகப்படுவேன். எண் போட்டு அச்சான ஒன்றைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இந்த வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பகலில் நான் கூட இருப்பேன், இரவில் நைனா. ஐந்தாம் நாள் காலை நான் போனதும், நைனா காபி வாங்கப் போன நேரத்தில், "தெலகாவுக்குச் சொன்னியாடி?" என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நைனா வந்துவிட்டார். எட்டாம் நாள் மறுபடி கேட்டாள். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

"அவங்கெல்லாம் வரமாட்டாங்கம்மா," என்றேன். "அவங்க வேதத்துலயே அப்படித்தான் இருக்குது. நான் பார்த்தேன்."

வசனத்தையும் விளக்கிச் சொன்னேன். கூப்பிட்டு அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அதை அம்மாவிடம் சொல்லும்படி ஆகிவிடுமே என்று நினைத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்படியா போட்டுக்குது? சரி. அவ சாமி பேச்ச அவ கேக்கட்டும். புள்ள மேல தப்பு இல்ல."

அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. பதினோராம் நாள் காலை பத்து நாற்பதுக்கு இறந்துபோனாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மணி இரண்டு. அம்மாவின் தம்பி பரசுராமன் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பெரியவளுக்குச் சொல்லியாச்சா?" என்றார். அவரிடமும் வசனத்தைச் சொன்னேன். "அதான பார்த்தேன்," என்று போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பெயர்களை எழுதிக் கொடுத்ததும் நான்தான். மகள் என்று ஒரு பெயர்தான் எழுதினேன். நாலரைக்குத் தூக்குவதாக இருந்தது. நைனா, "அர மணி போவட்டும்" என்றார். ஐந்து மணிக்கும் அதையே சொன்னார். ஐந்தரைக்குப் பரசுராமன் மாமா சத்தம் போட்ட பிறகுதான் தூக்கினார்கள். எரித்துவிட்டு வந்தார்கள்.

சந்தவாசலிலிருந்து செய்யாறு போகும் கம்பெனி பஸ் எங்கள் ஊர் ஆரணி வழியாகத்தான் போகும். அம்மா இறந்த ஐந்தாம் நாள் காலை ஷிப்டுக்குப் போன அருள்மணி மாமா, ஜன்னல் வழியாகச் சுவரில் மாமியாரின் முகத்தைப் பார்த்திருக்கிறார். கீழே இறந்த தேதி. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, திரும்பி வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

ஆறாம் நாள் இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா கையில் ஒரு கடைப் பை. உள்ளே கோடிப் புடவை. எரித்தாகிவிட்டது என்று தெரிந்தும் வாங்கி வந்திருந்தாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, மண்டியிட்டபடி அப்படியே தரையில் தலையை வைத்து அழுதாள். அழக் கூடாது என்று தெருவே சொன்ன அழுகை.

நைனா தறிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"இப்ப இன்னாத்துக்கு வந்த?" என்றார். "தூக்க வந்தவங்கள அர மணி, அர மணின்னு நிறுத்தி வெச்சேன். ரோட்டையே பார்த்துகினு இருந்தேன். கோவம்னா எம்மேல காட்டு. பெத்தவ மேலயாம்மா காட்டுவாங்க?"

அக்கா நிமிர்ந்தாள். "எனக்கு யாரும் சொல்லல நைனா. போஸ்டர் பார்த்துத்தான் இவருக்கே தெரியும்."

நைனா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருப்பேன் என்று இவ்வளவு நாளும் நம்பியிருக்கிறார். நான் சொல்வேன் என்று நம்பித்தான் அவர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"நான் சொல்லல நைனா," என்றேன்.

"ஏன்டி?" என்றாள் அக்கா.

நோட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா படித்தாள். மறுபடி படித்தாள். அருள்மணி மாமாவிடம் நீட்டினாள்.

"இதுக்காடி?" என்றாள். "மதி, இது வழியில ஒருத்தன்கிட்ட சொன்னது. ஒரே ஒருத்தன்கிட்ட. கூட வரேன்னுட்டு சாக்கு சொன்னவன்கிட்ட. சட்டமாடி இது? நீ அடுத்த பக்கம் படிச்சியா?"

"இல்லக்கா."

"கூட்டாளி செத்ததுக்கு இயேசுவே அழுதாரு. சிலுவையில தொங்கிகினு இருக்கும்போதுகூட, தன்னோட அம்மாவப் பார்த்துக்கன்னு ஒருத்தன்கிட்ட ஒப்படைச்சாரு. அவரா எங்கம்மா சாவுக்குப் போவாதன்னு சொல்வாரு?"

மாமா நோட்டை மெதுவாக மூடினார். "எங்க பெரியப்பா மாறவேயில்ல மதி, கடைசி வரிக்கும் இந்துதான். போன வருஷம் எறந்தாரு. நாங்க அத்தினி பேரும் போனோம். வாய்க்கரிசி போடுறமா இல்லியா, அது வேற. மொகம் பார்க்க யாரு வேணாம்னாங்க? ஒரு போன் போட்டிருந்தா, நான் வண்டியிலயே கூட்டிகினு வந்திருப்பேன்."

அவர் திட்டவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நைனா தறி அறைக்குள் போனார். மாமாவும் கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் பின்னால் போனார்.

அக்காவும் நானும் மட்டும் படத்துக்கு முன்னால் இருந்தோம்.

"அம்மா என்னக் கேட்டாங்களா?" என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் அம்மா அவளை மறந்துவிட்டதாக ஆகும். கேட்டார்கள் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். இரண்டில் எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசித்தேன். உண்மையில் எது எனக்குக் குறைவாக வலிக்கும் என்றுதான் யோசித்தேன் போலிருக்கிறது.

"கேட்டாங்க. அஞ்சாம் நாளு ஒரு தடவ, எட்டாம் நாளு ஒரு தடவ."

"நீ இன்னா சொன்ன?"

சொன்னேன். வசனத்தை விளக்கியதையும் விடாமல் சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் வரமாட்டேன்னு நெனச்சுகினே போயிட்டாங்களா?"

"ஆமாக்கா."

"திட்டினாங்களா?"

"இல்ல. அவ சாமி பேச்ச அவ கேக்கட்டும்னாங்க. புள்ள மேல தப்பு இல்லன்னாங்க."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "திட்டியிருந்தா தேவலையேடி," என்றாள். "திட்டியிருந்தா நான் எப்படியாவது தாங்கிக்குவேனே."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். "மன்னிச்சிடுக்கா," என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கள்ல மன்னிச்சிடணும்னு தான..."

அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"அதையும் படிச்சிட்டியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் களைத்துப்போன குரல். "மன்னிக்கணும்னுதான் இருக்குது. நானும் கேட்டுப் பார்க்கிறேன் ஆண்டவர்கிட்ட. ஆனா இன்னிக்கு முடியாது மதி. என்ன அவசரப்படுத்தாத."

எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். நைனாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். மூன்று பேரும் வாசலில் இறங்கினார்கள். நைனா சட்டை போடாமல், துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, அவர்களோடு தெருமுனைவரை நடந்து போனார். தெருவில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

நான் வாசலிலேயே நின்றேன். பஸ் ஏறும்வரை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியாது. அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.