வார்டில் ஒரு கட்டிங்

ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட பெயின்டரின் தலைமாட்டில் அவர் மனைவி இரண்டு நாள் அழுதுகொண்டே இருந்தாள். மூன்றாம் நாள், முதலாளி அனுப்பிய ரோஜாப் பூங்கொத்தைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“காம்பு நல்லா பென்சில் கனம் இருக்குங்க. நட்டா பிடிச்சுக்கும். நர்சரியில ஒரு ரோஜாச் செடிக்கு என்ன விலை சொல்றான் தெரியுமா?”

அவள் தையல்காரி. அவளுடைய கத்தரியால் வீட்டில் யாராவது காகிதம் வெட்டினால்கூடத் தொலைத்துவிடுவாள். அதே கத்தரியால் பூக்களை நறுக்கிக் கணவர் மடியில் போட்டாள். காம்புகளைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆசை யாரை விட்டது? மறுநாள் முதல் மற்றக் கட்டில்காரர்களையும் நலம் விசாரிக்கத் தொடங்கினாள். பூ இல்லாத கட்டிலில் இரண்டு வார்த்தை. புதுப் பூங்கொத்து வந்த கட்டிலில் முழு விசாரணை.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வக்கீல். பார்க்க ஆள் வராது; ஆபீஸிலிருந்து சாமந்திப் பூங்கொத்து மட்டும் வரும்.

“தாராளமா எடுத்துக்கம்மா,” என்றார். “ஆனா என் பழைய கேஸ் ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போ.”

காம்புக்கு ஒரு கேஸ் என்று கணக்காகிவிட்டது. பெயின்டருக்குப் பொறுக்கவில்லை.

“கால் ஒடிஞ்சது எனக்கா, அவருக்கா?”

“அவருக்கு இடுப்புங்க,” என்றாள்.

ஒருநாள் அவள் வக்கீலிடம் குனிந்து, “ஐயா, இன்னைக்கு ரெண்டு கட்டிங் கிடைக்குமா? வீட்டுக்குப் போனதும் தண்ணியில போட்டுடுவேன்,” என்று கேட்டது நர்ஸ் காதில் விழுந்தது. நர்ஸ் வந்து பையை வாங்கிக் கவிழ்த்தாள். பாட்டில் எதுவும் விழவில்லை. ஈரத்துணியும் குச்சிகளும் விழுந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க பால்கனிக்கும் ஒண்ணு தருவீங்களாக்கா?”

“வேர் விடட்டும், தர்றேன்.”

பெயின்டர் ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர்கூட மிச்சமில்லை. எல்லாவற்றிலும் குச்சி நின்றது. சீக்கிரமே ரோஜாக்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து அழுகின. அவள் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் வக்கீலின் சாமந்தி ஒன்று வேர்விட்டு, கணுவில் பச்சையாக ஓர் இலையும் விட்டது. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

“கேட்டதும் மனுஷன் எழுந்தே உட்கார்ந்துட்டாருங்க. டிஸ்சார்ஜ் ஆனதும் செடியைப் பார்க்க இங்க வர்றாராம். பாவம், போக்கிடம் இல்லாதவரு. தினமும் வாங்கன்னு சொல்லிட்டேன்.”

“இன்னும் எத்தனை கேஸ் பாக்கி?”

“நாற்பது வருஷ பிராக்டீஸுங்க.”

பெயின்டர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். ஓடவும் வழியில்லை.