இறங்குவோர் கண்ட குறிகள்

மாடுகள் மேய்ச்சல் மலையை விட்டு இறங்கிவிட்டன. அவற்றின் கழுத்துமணிகள் கழற்றப்பட்டுத் தொழுவத்து விட்டத்தில் நாவடங்கித் தொங்குகின்றன. பீச் மரங்கள் தம் செம்பு நிற இலைகளையெல்லாம் மண்ணுக்கு ஈந்துவிட்டு வெறுங்கையராய் வானை நோக்கி நிற்கின்றன. ஊசியிலை மரங்கள் மட்டும் கருமை குலையாமல், துக்க வீட்டு உறவினரைப் போலச் சரிவெங்கும் வரிசை காக்கின்றன. கல்லறைகளுக்குப் பூ வாங்கும் காலம் இது. இறந்தோரை நினைக்கும் இந்நாட்களில் எங்கள் பள்ளத்தாக்கு குரல் தாழ்த்தியே பேசும்.

ஆயினும் அந்த அமைதியைக் குலைக்கவென்றே பெருமலை முகடு தாண்டித் தென்காற்று வரும். பாடல்களில் போற்றப்படும் தென்றலின் தண்மை இதற்கில்லை. முகட்டுக்கு அப்பால் தன் ஈரமெல்லாம் உதிர்த்துவிட்டு, வறண்டு, வெம்மையேறி, கதவுகளை உலுக்கிக்கொண்டு இறங்கும். தொலைவிலுள்ள சிகரங்கள் கை நீட்டினால் எட்டும்போல் அருகே வந்து நிற்கும். மனிதருக்குத் தலை கனக்கும். நாய்கள் காரணமின்றிக் குரைக்கும். அக்காற்று சட்டென்று நின்றால் வடக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிவரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

அத்தகைய காற்று வீசிய ஒரு பிற்பகலில், ஹின்டர்மோஸ் ஊரின் ரொட்டிக்கடையில் நோட்புர்கா, அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கான பின்னல் ரொட்டிக்கு மாவைத் திரித்துக்கொண்டிருந்தாள். ரொட்டி அவளுடைய பிழைப்பு; மலைப்பாதைகள் அவள் தானாக ஏற்றுக்கொண்ட தொண்டு. மலையேறுவோர் சங்கத்தின் சார்பில் காக்கைப்பாறைப் பாதைகளின் மரங்களுக்கும் கற்களுக்கும் சிவப்பு-வெள்ளை-சிவப்புக் குறி தீட்டுபவள் அவளே.

அன்று காலை அவள் தம்பி குவிரின் காக்கைப்பாறையின் தெற்குச் சுவரில் தனியே ஏறப் போயிருந்தான். வடகடல் துறைமுகமொன்றில் நெடுநாள் வேலை செய்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியவன் அவன். வாசலில் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டியபோது அவள் சொல்லி அனுப்பியது இவ்வளவே:

"டேய், ஓடைப்பக்கத்துப் பழைய பாதையை மழை அடிச்சிட்டுப் போயிடுச்சு. சுத்துப்பாதை ஒண்ணு போட்டிருக்கோம்."

"எங்கேருந்து பிரியுது?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? என் குறியைப் பாத்து இறங்கு, போதும்."

"உத்தரவு, சாயக்காரம்மா. உன் குறியை நம்பிக் கண்ணை மூடிட்டே இறங்குறேன்."

"திறந்துட்டே இறங்குடா, கழுதை."

அந்தச் சொல் அவள் நாவிலிருந்து போய்ச் சில மணிநேரம் ஆகியிருக்கும். நகரத்துத் தம்பதியர் இருவர் காற்றோடு காற்றாகக் கடைக்குள் நுழைந்தனர். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள். கணவர் காபி கேட்டார். மனைவி கேட்டது வேறு.

"ஏங்க, உங்க ஊர்ல மலைக்குச் சாயம் அடிக்கிறது யாரு?"

"நான்தான். ஏங்க?"

"ஏறும்போது ரொம்ப நல்லா இருந்துச்சு. இறங்கும்போதுதான் அந்த மாதா சிலை இருக்கிற மரத்துக்கிட்ட ரெண்டு பக்கமும் வழி காட்டுது. எங்களுக்குள்ள சண்டையே வந்துடுச்சு! புதுச் சாயம் இருக்கிற வழின்னு நான் சொன்னேன்..."

"பழைய வழிதான் சுருக்கம்னு நான் சொன்னேன்," என்றார் கணவர். "வழக்கம்போல நான்தான் தப்பு."

அவர்கள் சிரித்தார்கள். நோட்புர்காவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பாதைக்குறி என்பது ஏறுவோருக்கு ஒன்று, இறங்குவோருக்கு ஒன்று என மரத்தின் இருபுறமும் இடப்படுவது. கோடையின் தொடக்கத்தில் அவளும் கோயில் பணியாளர் செவெரினும் பழைய பாதை நெடுக, இடிந்த இடத்தை மட்டும் காட்டுக்குள் சுற்றிக் கடந்து, ஏறிச் சென்று அதன் குறிகளைச் சாம்பல் வண்ணத்தால் மறைத்தார்கள். ஏறிக்கொண்டே செய்ததால், ஏறுவோர் பார்க்கும் பக்கத்தை மட்டும் மறைத்தார்கள். மறுபக்கத்தை இறங்கும்போது முடிப்பதாக எண்ணம். உச்சியில் இடி பிடித்துக்கொண்டது. மரவெட்டிகளின் வண்டியொன்றில் ஏறி மலையின் அப்புறமாக இறங்கிவிட்டார்கள். பிறகு வைக்கோல் வேலை வந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் முடித்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள். கோடை முழுதும் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. ஏறியவரெல்லாம் மறுபக்கத்து மலைக்குடிலில் பீர் குடித்துவிட்டு வண்டிப்பாதை வழியே இறங்கினர். குடில் இப்போது குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்தது; குவிரின் ஊர்ப்பக்கமாகவே இறங்குவான்.

அவள் தம்பியை அழைத்துப் பார்த்தாள். பாறை நிழலில் தொலைபேசி எட்டவில்லை. மலைமீட்புக் குழுவை அழைத்து இடத்தைச் சொன்னாள். கயிறும் விளக்கும் எடுத்துக்கொண்டு ஓடினாள். கோயில் முற்றத்தில் செவெரின் மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பழைய பாதையில இறங்குறவங்க பாக்குற குறியை அழிச்சீங்களா?"

"நீ அழிச்சிருப்பேன்னு இருந்தேனேம்மா."

"நீங்க அழிச்சிருப்பீங்கன்னு நான் இருந்தேன். குவிரின் மேல இருக்கான்."

அவர் துணியைக் கீழே போட்டார். அவளோடு ஓடினார்.

கீழிருந்து பழைய பாதையில் ஏறினால் ஓடை சீக்கிரம் வரும். இருவரும் மூச்சிரைக்க ஏறினார்கள். வழியெங்கும் மரங்கள் சாம்பல் பூசிய முகத்தோடு நின்றன, ஒன்றிலும் குறியில்லை, வேலை பழுதற முடிந்ததுபோலவே தோன்றியது. ஒரு வளைவில் நோட்புர்கா நின்று திரும்பிப் பார்த்தாள். கடந்து வந்த ஒவ்வொரு மரத்தின் முதுகிலும் சிவப்பு-வெள்ளை-சிவப்பு, நேற்றுத் தீட்டியதுபோல் பளிச்சென்று, வா, வா என்று கீழே அழைத்துக்கொண்டிருந்தது.

"பாக்காதேம்மா," என்றார் செவெரின். "நட."

அப்போதுதான் காற்று நின்றது. நெடுநேரம் கத்திய குழந்தை திடுமென வாய் மூடினாற்போன்ற அமைதி. சிகரங்கள் பின்வாங்கின. கன்னத்தில் குளிர் உரசியது; கீழிருந்து மூட்டம் எழுந்து மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியது. காற்றின் கூச்சலில் அடங்கியிருந்த அவள் அச்சம் இப்போது தனித்துக் கேட்டது. கல் உருண்ட ஓசைக்கெல்லாம் நின்றாள்; நின்றதற்காகத் தன்னையே கடிந்துகொண்டு மறுபடி ஓடினாள்.

"அண்ணே, அவன் புதுக் குறியைத்தானே பாத்திருப்பான்? புதுசு பளிச்சுன்னு இருக்கே!"

செவெரின் சற்றுத் தயங்கினார். "மாதா மரம் பழைய பாதையிலதானே இருக்கு. உங்க வீட்டுப் பிள்ளை அங்க தொப்பியைக் கழட்டாம போவானா?"

மேலே இரு பாதைகளும் பிரியுமிடத்திலிருந்து சில அடி தள்ளி, பழைய பாதையோரப் பீச் மரத்தில், சிறு கூரையிட்ட மரப்பேழைக்குள் தேவமாதா நின்றாள். அவளை வணங்கி நிமிர்ந்தால் கண்ணில் படுவது பழைய குறிதான்.

ஓடையருகே வந்தபோது மூட்டத்துக்குள்ளிருந்து சீழ்க்கை கேட்டது. ஆறு முறை ஒலித்தது, பிறகு அடங்கியது. மலையில் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: ஆபத்து, உதவி வேண்டும். நோட்புர்கா விடைக்குரிய மூன்றை ஊதினாள். மூன்றாவதில் மூச்சு உடைந்தது.

பாதை இருந்த இடத்தில் வாய் பிளந்த பள்ளம். அதன் மறுகரையிலிருந்து சறுக்கி விழுந்த குவிரின், வேரோடு சாய்ந்த மரமொன்றில் சிக்கி, பாதியில் கிடந்தான். செவெரின் கயிற்றைப் பீச் மரத்தில் சுற்றித் தம் உடலால் தாங்கிக்கொள்ள, அவள் சேற்றிலும் கல்லிலும் சரிந்து அவனிடம் இறங்கினாள். முதலில் அவனை மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு தன் மேலங்கியால் போர்த்தினாள்.

"கண்ணைத் திறந்துட்டுதான் இறங்குனேன்கா." அவன் பற்கள் கிட்டின. "மாதாவைக் கும்பிட்டுட்டு நிமிந்தேன், உன் குறி. அடுத்த மரத்துலயும் உன் குறி. மூட்டம் வந்துச்சு. கடைசிக் குறி அதோ, இந்த ஓட்டைக்கு மேலயே இருக்கு."

"என் குறிதான்டா. அழிக்காம விட்டதும் நான்தான்."

மேலே மலைமீட்புக் குழுவின் விளக்குகள் மூட்டத்தில் மஞ்சளாய் அசைந்து வரத் தொடங்கின.

"கால் போச்சு போல. பசிக்குது. ரொட்டி ஏதாவது கொண்டாந்தியா?"

அவள் கையை விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் மாவு காய்ந்து வெடித்திருந்தது. "இவ்வளவுதான் இருக்கு."

"இன்னும் வேகலை," என்றான் அவன். பிறகு இருவருமே அழுதார்கள்.

கால் எலும்பு முறிந்திருந்தது, உயிர் தப்பியது. பெருவிழா நாளில், கல்லறைகள் புனித நீர் தெளித்து மந்திரிக்கப்பட்ட பின், நோட்புர்காவும் செவெரினும் சாம்பல் வண்ணத்தோடு புதுப்பாதையில் ஏறினார்கள். இம்முறை வேலை மேலிருந்து கீழ்நோக்கி. முதல் மரத்தைத் தொடுமுன் அவள் மாதாவின் பேழையை ஆணியிலிருந்து மெல்லக் கழற்றினாள்.

"பாதிரியார்கிட்ட கேட்டியா?" என்றார் செவெரின்.

"கேட்டேன். 'பாத்து இறக்குங்க, மூக்கு ஏற்கெனவே ஒடஞ்சிருக்கு'ன்னார்."

அவர் சிரித்தபடியே பேழையின் அடியைத் தாங்கிக்கொண்டார். இருவரும் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்திச் சென்று, புதுப்பாதை இறங்கத் தொடங்கும் இடத்து ஊசியிலை மரத்தில் மாட்டினார்கள். வணங்கி நிமிர்வோர் கண்ணுக்கு நேரே, அடுத்த மரத்தில், புதுக் குறி தெரிந்தது. அதைச் சரிபார்க்க அவள் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாள். ஐயம் தீராமல் மறுபடியும் குனிந்து நிமிர்ந்தாள்.

பின்பு மாதாவின் முகத்தில் படிந்த பனியைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்தாள். சிறு திரியொன்றை ஏற்றிக் காற்றுப் படாமல் கையால் மறைத்தாள். ஈரமண்ணில் முழந்தாளிட்டாள். செவெரின் தொப்பியைக் கழற்றி அவள் பின்னே நின்றார். சுடர் நிமிர்ந்து நின்ற பிறகே அவள் வாய் திறந்தாள்:

"ஏறுகிறவர் கால் தளராதிருக்கட்டும், தாயே. இறங்குகிறவர் கண் மயங்காதிருக்கட்டும். இந்த வழி வரும் ஒவ்வொருவரும், காத்திருக்கும் வாசலுக்குப் பொழுதோடு போய்ச் சேரட்டும்."