ஆதரவு: ஒன்று

பெற்றோர் ஒன்றியத்தில் அதுவரை எந்தத் தீர்மானமும் சீட்டுப் போட்டு எடுக்கப்பட்டதில்லை. கலைவிழாவுக்கு எந்த மண்டபம், கோடை ஒன்றுகூடலுக்குக் கொத்துரொட்டியா புரியாணியா, எதுவானாலும் தலைவர் பத்மநாதன் எழுந்து நின்று "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். எல்லோரும் கையை உயர்த்துவார்கள். "ஏகமனதாக" என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். உயர்ந்த கைகளை யாராவது எண்ணிப் பார்த்ததாக ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஸ்டோவ்னர் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் இருபது முப்பது வருசமாக வாழ்ந்து, நோர்வேயில் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டை மடித்துப் பழகிய சனங்கள்தான். தங்களுக்குள் மட்டும் ஏகமனதாகவே வாழ்ந்துவந்தார்கள்.

அந்த ஒன்றியத்துக்குள் கஞ்சா வந்து நுழைந்தது. புகைப்பதற்கு அல்ல, விவாதிப்பதற்கு. கஞ்சாவோடு பிடிபடுகிறவனைத் தண்டிப்பதா, விடுவதா, இல்லை ஒரேயடியாகச் சட்டப்படி அனுமதித்துவிடுவதா என்று நாடு பல வருசமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. கட்சிகள் ஆளுக்கொரு பக்கம். பத்திரிகைகளில் அடிக்கடி ஒரு கருத்துக்கணிப்பு, இந்த முறை இத்தனை வீதம் கூடியது, அடுத்த முறை குறைந்தது என்று. இப்போது சட்டத்தைப் பற்றிச் சங்கங்களும் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தல் வந்தது. பத்மநாதன் விடுவாரா? தமிழ்ப் பெற்றோர் ஒரே குரலில் எதிர்க்கிறார்கள், தண்டனையைக் குறைக்கவே கூடாது என்று கடிதத்தை எழுதியே முடித்துவிட்டார். சம்மதம் வாங்குவது மட்டும்தான் பாக்கி.

யோசெப்பினுக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் காரணம் அவளுடைய மகன் லூக்காஸ்.

போன வருசம் ஒரு பின்னேரம், கூட்டாளிகளோடு பூங்காவில் இருந்தபோது லூக்காஸ் பொலிசிடம் பிடிபட்டான். சட்டைப்பையில் பாதி புகைத்த ஒரு கஞ்சாச் சுருட்டு, அவ்வளவுதான். அபராதம் போட்டார்கள், கட்டினான். அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஆனால் அவன் அம்புலன்ஸில் வேலை பழகப் போக இருந்தவன். அதற்குப் பொலிசின் நற்சான்று வேண்டும். சான்று வந்தபோது அந்தப் பாதிச் சுருட்டும் அதில் ஏறி வந்தது. இந்த வருசம் எடுக்க முடியாது என்று பண்பாகச் சொல்லிவிட்டார்கள். இருபத்தொரு வயதுப் பிள்ளை இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். அதற்கு முதல் இரண்டு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் அறைக்குள் கிடந்தான்.

புருசன் செபஸ்ரியன் அதற்கும் மேலே போய், மகன் எங்கேயோ தூரத்தில், திரொன்ட்ஹைமில் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. சனிக்கிழமைகளில் ஸ்ட்ரோம்மன் பக்கம் தலை காட்டாதே, எங்கட ஆக்கள் எல்லாரும் அங்கைதான் சாமான் வாங்க வருகினம் என்று பிள்ளைக்குக் கட்டளை. பெற்ற பிள்ளையை ஒளித்து வைத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய்வருகிற வாழ்க்கை யோசெப்பினுக்குச் சீயென்று போயிருந்தது.

கஞ்சா நல்லதென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்குள் அந்த மணம் வந்தால் அகப்பையைத் தூக்கிக்கொண்டு முதலில் பாய்கிறவள் அவளாகத்தான் இருப்பாள். ஒரு பின்னேரத்து விசர்வேலைக்கு ஒரு பிள்ளையின் வருங்காலத்தை மறிக்கலாமா என்பதுதான் அவளுடைய கேள்வி. மறிக்கச் சொல்லித் தன் பெயராலும் ஒரு கடிதம் போகப்போகிறது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தான் தனியாள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். லூக்காஸோடு இளைஞர் ஆலோசகரைப் பார்க்கப் போன இடத்தில் இந்திரா தன் மூத்தவனோடு உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் நூலகத்துக்கு வழி கேட்க வந்தேன் என்றாள். ஸ்டோவ்னரில் பதினெட்டு வருசமாக இருக்கிறவள் அவள். பிறகு கழிவறைப் பக்கம் வந்து இவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பஸ் ஓட்டுகிற ஜோர்ஜின் இளையவனுக்கும் அதே கதைதான். ஜோர்ஜ் அதைப் பூசை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான். சாய் மட்டும் வேறு வகை. கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன், பிள்ளைகள் இன்னும் நேர்சரியில். அவனுக்குச் சொந்த வலி ஒன்றும் இல்லை. எந்தெந்த நாட்டில் அனுமதித்தார்கள், அதன் பிறகு என்ன நடந்தது என்று விரல் மடக்கிச் சொல்வான். தண்டிக்கிறது வேஸ்ட் அக்கா, டேட்டாவே சொல்லுது என்பான்.

யோசெப்பின் ஒவ்வொருவரிடமும் போனாள். எல்லோரும் அவள் பக்கம்தான். ஆனால் எல்லோருடைய பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது: சபையில் கையை உயர்த்த ஏலாது. யோசிச்சுப் பாருங்கோ அக்கா, நாளைக்குச் சனம் என்ன கதைக்கும் என்றாள் இந்திரா. சீட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்றான் ஜோர்ஜ். செபஸ்ரியனும் கட்டிலில் புரண்டு படுத்துக்கொண்டு அதையேதான் சொன்னான்.

"சீட்டெண்டால் போடுவன். அவன் என்ரை பிள்ளையும்தானே."

ஆகவே யோசெப்பின் சீட்டுக்காகச் சண்டை பிடித்தாள். பத்மநாதனைத் தொலைபேசியில் பிடிப்பதும், அவர் மழுப்புவதும், இவள் விடாமல் மறுபடி எடுப்பதுமாக இரண்டு கிழமை போனது. ஒன்றியம் என்றால் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் என்ன ரகசியம் என்று அவர் கேட்டார்.

"ரகசியம் ஒண்டும் இல்லையெண்டால் சீட்டுப் போடுறதிலை உங்களுக்கு என்ன பயம், பத்தண்ணை?"

அந்தக் கேள்விதான் அவரை மடக்கியது. சரி, போடுவோம் என்றார். ஆனால் கேள்வியை நான்தான் எழுதுவேன் என்றார். கஞ்சாவோடு பிடிபடும் பிள்ளையைக் குற்றவாளியாகப் பதியத்தான் வேண்டுமா என்று கேட்போம் என யோசெப்பின் எழுதி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனால், கையில் கொடுத்த சீட்டில் "கஞ்சாவை ஆதரிக்கிறீர்களா?" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே இரண்டு கட்டங்கள், ஆதரவு, எதிர்ப்பு. பேயை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டாலும் இப்படித்தான் அச்சடித்திருப்பார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து கேட்கப் போனவளைச் செபஸ்ரியன் மணிக்கட்டில் பிடித்து இருத்தினான். சீட்டு வந்திட்டுதுதானே, இனி ஏன் கரைச்சல் என்றான்.

அதுவும் சரிதான் என்று அவள் அடங்கினாள். கேள்வி எப்படி இருந்தால் என்ன, விசயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆதரவு என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். பேனை தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டாள். பக்கத்தில் செபஸ்ரியன், பரீட்சையில் பார்த்தெழுத விடாத பிள்ளை மாதிரிச் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அவனுக்கு அடுத்த கதிரையில் ஜோர்ஜ், முன்வரிசையில் இந்திரா, சுவரோரம் சாய். யோசெப்பின் யாருடைய சீட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. வெல்வோம் என்ற நினைப்பு அவளுக்கு இல்லை. ஒரு பத்துப் பன்னிரண்டு சீட்டு விழுந்தால் போதும், ஒரே குரல் என்று எழுத முடியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

பத்மநாதன் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்து வாசித்தார். எதிர்ப்பு. எதிர்ப்பு. எதிர்ப்பு. செபமாலை சொல்வதுபோல ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சீட்டில் அவர் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். ஆதரவு, என்றார். மண்டபம் சலசலத்தது. யோசெப்பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். எதிர்ப்பு. எதிர்ப்பு. பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தும் வேறொன்றும் விழவில்லை.

ஆதரவு ஒன்று. மற்ற எல்லாம் எதிர்ப்பு.

அது யாரோ கண்ணாடி கொண்டுவர மறந்து கட்டம் மாறிக் கீறியதாக இருக்கும் என்றார் பத்மநாதன். சனம் சிரித்தது. அப்ப ஏகமனதாக எண்டே எழுதுவம், என்ன? என்று அவர் கேட்க, பழக்கதோசத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. யோசெப்பினின் கை மடியிலேயே கிடந்தது. எழுந்து, அது பிழையாகக் கீறினதில்லை, நான் போட்டது என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் கால்கள் எழும்பவில்லை. அந்தக் கால்களை அவள் அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு தேநீர், பற்றிஸ், ரோல்ஸ். அங்கேதான் கூத்து தொடங்கியது.

முதலில் இந்திரா வந்தாள். கோப்பையை வாயருகே வைத்துக்கொண்டு காதுக்குள் சொன்னாள், "அக்கா, அந்த ஒண்டு நான். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." யோசெப்பின் அவளை நேராகப் பார்த்தாள். இந்திராவின் கண்கள் கலங்கியிருந்தன. சொன்னதை அவளே நம்புகிறவள்போல நின்றாள். சரி என்று யோசெப்பின் தலையாட்டினாள்.

ரோல்ஸ் தட்டத்தடியில் ஜோர்ஜ் பிடித்தான். மற்றவை எல்லாம் பயந்தாங்கொள்ளிகள் தங்கச்சி, நான் சொன்னபடி போட்டேன், பார்த்தீரா என்று குரலைத் தணித்துச் சொல்லிவிட்டு, அவள் தோளில் தட்டியும் விட்டான். கொஞ்சம் தள்ளிச் சாய் வந்தான். "அந்த ஒரு ஓட்டு என்னுதுதான் அக்கா. ஆனா பாருங்க, சாம்பிள் ரொம்பச் சின்னது" என்று ஆறுதலும் சொன்னான். கையுறை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் ஆதரவு கேட்டே போகாத ஒரு மனுசி வந்து, அது நான்தான் பிள்ளை, என்ரை மருமகனும் ஒருக்கால் பிடிபட்டவன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு சீட்டு. மண்டபத்தில் பாதிப் பேர் அதற்குச் சொந்தக்காரர். இத்தனை பேரும் வாயால் சொன்னதைப் பேனையால் செய்திருந்தால் அந்தக் கடிதம் அங்கேயே கிழிந்திருக்கும். யோசெப்பினுக்குச் சிரிப்பும் வந்தது, தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதவேண்டும் போலவும் இருந்தது. பிடித்து உலுப்பிக் கேட்க யாரைக் கேட்பது? எல்லோரும் அவளுக்கு நல்லவர்களாக அல்லவா இருந்துவிட்டுப் போகிறார்கள்.

காருக்குள் ஏறி, வீடு இருக்கிற வெஸ்ட்லி பக்கம் திரும்பிய பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. ஆதரவு ஒன்று. அந்த ஒன்று தன்னுடையது. அப்படியானால் பக்கத்தில் இருந்து வண்டி ஓட்டுகிறவன்? செபஸ்ரியன் குளிர்கால ரயர் மாற்றுவதைப் பற்றி ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தான். அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே கேட்கவில்லை.

லூக்காஸ் குசினி மேசையில் இருந்தான். கூட்டம் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம் அம்மா, சும்மா அவமானப்படாதேங்கோ என்று காலையில் சொன்னவன்தான். ஆனாலும் கதவு திறந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"எத்தினை விழுந்தது?"

"ஒண்டு" என்றாள் யோசெப்பின்.

அவன் தாயைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான். போனவர்கள் இரண்டு பேர். அந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. செபஸ்ரியன் சப்பாத்தைக் கழற்றுவதற்குக் குனிந்தவன், குனிந்தபடியே சொன்னான்.

"அது நான் போட்டது, தம்பி."

லூக்காஸ் மெல்லத் தாயின் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "பரவாயில்லை அம்மா" என்றான். "நீங்கள் ஏன் அப்பிடிப் போட்டனீங்கள் எண்டு எனக்கு விளங்குது."

அன்றைக்கு அந்தச் சீட்டை அவள் கேட்டவர்களுக்கெல்லாம் விட்டுக்கொடுத்திருந்தாள். இந்திராவுக்குக் கொடுத்தாள், ஜோர்ஜுக்குக் கொடுத்தாள், பெயர் தெரியாத மனுசிக்கும் கொடுத்தாள். இதையும் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு தகப்பனாவது மிஞ்சுவான் என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரு கணம்தான்.

"அது என்ரை சீட்டு" என்றாள். "நான் போட்டது. கொப்பர் எதிர்ப்பெண்டு போட்டவர்."

செபஸ்ரியன் மறுக்கவில்லை. ஒரு சப்பாத்துக் கழன்றிருந்தது, மற்றது காலில் இருந்தது. அவன் அப்படியே கதவோரச் சிறு கதிரையில் இருந்துவிட்டான்.

லூக்காஸ் கேட்டான், "ஏன் அப்பா? அதை ஆர் பாக்கப்போகினம்?"

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே அறிய விரும்புகிற பிள்ளை கேட்பது போலக் கேட்டான். செபஸ்ரியன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெரியேல்லை, தம்பி. ஆதரவு எண்டதிலைதான் போட நினைச்சனான். பேனையைக் கொண்டுபோகக் கை மற்றதிலை போய்க் கீறிப்போட்டுது."

காலையிலிருந்து யோசெப்பின் கேட்ட பேச்சுகளில் அது ஒன்றுதான் பொய்யில்லை. அதனாலேயே அவளால் அவனை மன்னிக்க முடியவில்லை.