பெத்தணன் வேலைக்குப் போகும் வானம்

எம். புதுப்பட்டியின் தெற்கு வானத்தில் எம். புதுப்பட்டி தெரியத் தொடங்கியது, தீபாவளிப் பட்டாசு லோடெல்லாம் போய் ஊர் ஓய்ந்திருந்த ஒரு கார்த்திகை மாதத்தில். இங்கே பொழுது சாயும்போது அங்கே விடியும். மேலிருந்து பார்த்ததுபோல ஓட்டுக்கூரைகளும் தெருக்களும் ஆட்களின் தலையும் தோளும் தெரியும், அங்கே இருட்டியதும் மறைந்துவிடும். அங்கே நிற்கிற தண்ணீர்த்தொட்டியை இங்கே இடித்து வெகுகாலம் ஆயிற்று என்று விவசாயி ஜெயபாண்டி சொன்ன பிறகுதான், அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஊர் என்று விளங்கியது. அவருடைய வரப்பைப் பங்காளி நகர்த்தியதை ஒரு சாயங்காலம் ஊரே அண்ணாந்து பார்த்தது. மறுநாள் பங்காளி வரப்பைப் பழைய இடத்திலேயே போட்டுக் கொடுத்தார். வெம்பக்கோட்டைக்காரர்கள் தங்கள் ஊர் ஏன் தெரியவில்லை என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள்.

முத்துப்பேச்சி அதில் தன் கணவன் பெத்தணனை மட்டும் பார்த்தாள். மழை பொய்த்து மக்காச்சோளம் கருகிய வருடம் அவன் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். அடுத்த ஆனியில் மருந்துக் கலவை அறை வெடித்ததில் இறந்தான். இப்போது வானத்தில் தலையில் துண்டும் சைக்கிளில் தூக்குவாளியுமாகத் தினமும் புறப்பட்டுப் போனான். போகுமுன் காய்ந்து கிடந்த தங்கள் புஞ்சையை ஒருதரம் சுற்றி வந்தான். அப்படிச் செய்வதாக உயிரோடு இருந்தபோது அவன் அவளிடம் சொன்னதில்லை.

தை மாதம் ஆர்த்தி வந்தாள். சிவகாசியில் அச்சகம் நடத்தும் குடும்பத்துப் பெண். பெங்களூரில் அண்டவியல் ஆராய்ச்சி. அண்டம் முடிவில்லாதது என்றால் போன வெளிச்சம் போனதுதான், அளவுள்ளது என்றால் அது சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வரும் என்று ஊராருக்குச் சொன்னாள். தெற்கில் தெரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பளிச்சென்ற ஒரு வெளிச்சம் எதிர்ப்பக்கமாகவும் சுற்றி, வடக்கு வானத்திலும் அதே நொடியில் வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். அந்த ஊரில் அப்படி ஒரு வெளிச்சம் ஒரே ஒருமுறைதான் எழுந்திருந்தது. அதனால் அவள் நேரே முத்துப்பேச்சியின் வீட்டுக்குப் போனாள்.

"அன்னைக்குக் கருவி வைக்கணும்க்கா. நீங்க வேண்டாம்னா வைக்கல."

ரெண்டு பக்கமும் வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று முத்துப்பேச்சி கேட்டாள். வெளிச்சம் நிற்காமல் மறுபடி மறுபடி சுற்றும் என்று அர்த்தம் என்றாள் ஆர்த்தி.

"அப்பம் அவுகளும் வருவாகளா தாயி?"

"வருவாங்கக்கா. இன்னும் ஒன்பது வருசம் ஆகும். ரொம்ப மங்கலாத் தெரியும்."

"மங்கலாத் தெரிஞ்சா என்ன, அவுக நடை எனக்குத் தெரியாதா? வைங்க."

ஆனியில் அந்த நாள் வந்தது. ஊரில் யாரும் விளக்குப் போடவில்லை. சுற்றுப்பட்டுக் கம்பெனிகள் வெடி சோதிப்பதை நிறுத்தி வைத்தன. பெத்தணன் புஞ்சையைச் சுற்றினான், சைக்கிளை மிதித்தான், கம்பெனி கேட்டுக்குள் போனான். அதற்குமேல் முத்துப்பேச்சி பார்க்கவில்லை. வடக்கே திரும்பி நின்றுகொண்டாள். சத்தமே இல்லாமல் வெளிச்சம் வந்தது. அவள் நிழல் வடக்கே விழுந்தது. அதே நொடியில் தெற்கேயும் ஒன்று விழுந்தது. ஆர்த்தி கருவியை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்டம் இத்தனை சிறியதாக இருக்க வழியே இல்லை என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கட்டுரை எழுதினார்கள். புதுப்பட்டிக்காரர்கள் அதில் தலையிடவில்லை. அடுத்த சீசன் ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்தன.

முத்துப்பேச்சி பஸ் ஏறி விருதுநகருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாள். இன்னும் ஒன்பது வருடத்தில் தூரத்தில் மங்கலான ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதுவரை கண் தாங்க வேண்டும் என்றாள். எந்த ஊர் என்று டாக்டர் கேட்டார். சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, இடது கண்ணில் புரை விழத் தொடங்கியிருப்பதாகவும், அதை இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னார்.