மூக்கரும் வெள்ளைப் பொடியும்

சளிக்காய்ச்சலோடு போன வாசனை மூன்று மாதமாகியும் ஸ்டோர்கீப்பருக்குத் திரும்பவில்லை. எசென்ஸ் கம்பெனியில் மூக்கு வேலைசெய்யாத ஒருவர் இருந்தால் என்ன பெயர் வைப்பார்கள்? மூக்கர் என்று வைத்தார்கள். வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பதிலா ஒரு பொம்மைய வச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

திங்கட்கிழமையிலிருந்து கேட்டில் காவல் வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை, இருபத்திரண்டு வருடமாக இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தோடு அவர் கடைசியாகத் திறந்தது ஒரு பென்சால்டிஹைடு டிரம். கேக்குக்கும் சோப்புக்கும் பாதாம் மணம் தருகிற திரவம்.

மணம் பார்ப்பதற்கென்றே இருக்கும் மாஸ்டர், காகிதப் பட்டையை நனைத்து முகர்ந்தார். காலையிலிருந்து அது அவருக்கு ஒன்பதாவது டிரம். சிந்தியதைப் பஞ்சுக் கழிவால் துடைத்து, மூலையிலிருந்த அட்டைப்பெட்டியில் எறிந்தார்.

"பிரமாதம். கலவைக்கு அனுப்புங்க."

மூக்கரின் பார்வை டிரம்மின் மூடியிலேயே நின்றது. மரையோரம் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி.

"மாஸ்டர், காத்து பட்டிருக்கு. அமிலமா மாற ஆரம்பிச்சிருக்கு."

"மோந்து பாத்தீங்களா?"

"எங்க மோந்து பாக்குறது? அதான் கண்ணால பாத்தேன்."

மாஸ்டர் சிரித்தார். மூக்கர் கையுறை போட்டு மாதிரி எடுத்து, லேபுக்குக் கொடுத்தனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பஞ்சு எறிந்த பெட்டி ஞாபகம் வந்தது. இந்தத் திரவம் தோய்ந்த பஞ்சைக் குவித்துப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஓடிப்போய்ப் புறங்கையை அருகில் வைத்தார். அடுப்புப் பக்கம் நிற்பதுபோலிருந்தது. பெட்டியோடு தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஆவி மேலே வந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். கையில் லேப் சீட்டு. அமில அளவு வரம்பைப்போல மூன்று மடங்கு. மாஸ்டர் தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"ஒன்பது டிரம் மோந்தா மூக்கு மரத்துடும் சார்" என்றார், மெதுவாக.

மூக்கர் சாவிக்கொத்தை நீட்டினார். மேனேஜர் ஆவியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"இத எதுக்குய்யா எங்கிட்ட தர்றீங்க? திங்கக்கிழமை ஸ்டோர யாரு தொறக்கிறது?"

அன்று மாலை வீட்டில், சாவிக்கொத்து குலுங்க அடுப்புமுன் நின்று, பால் விளிம்புக்கு ஏறும்வரை கண்கொட்டாமல் பார்த்து அணைத்தார்.

"பேப்பர் எங்க?" என்றாள் மனைவி.

"பொம்மைக்கு இப்ப வேலை இருக்கும்மா."