சகாயம்மாள் வயலில் ஓர் அரண்மனை

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் சகாயம்மாள் குத்தகைக்குப் பயிரிடும் இரண்டு மா நிலத்துக்கு அடியில் சோழர் அரண்மனை இருப்பதாகச் செயற்கைக்கோள் சொல்லிவிட்டது. செயற்கைக்கோள் சொன்னதைப் பேராசிரியர் சாரங்கபாணி சொன்னார். அவர் சொன்னதை ஒன்றியச் செயலாளர் ஃப்ளெக்ஸ் அடித்து, அரசரைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போட்டுக்கொண்டார். வயலைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டி, 'உழவு, நடவு கூடாது' என்று பலகையும் வைத்தாயிற்று.

புரட்டாசி பாதி. சம்பா நாற்று முப்பது நாளைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் நட்டாலும் தூர் கட்டிப் பெருகாது. அவள் வீட்டுக்கு வருஷத்துச் சாப்பாடு அது.

"சாப்பாட்டையும் அறிவியலையும் போட்டுக் குழப்பாதீங்கம்மா" என்றார் சாரங்கபாணி, ஷூவில் சேறு படாமல் வரப்பில் நின்றபடி. போன கார்த்திகையில் மேலிருந்து எடுத்த படத்தை நீட்டினார். பயிருக்குள் வரிசையாக ஒன்பது கரும்பச்சைக் கட்டங்கள். இடையே வெளிறிய கோடுகள். "கோடெல்லாம் சுவர். சுவருக்கு மேல பயிர் நோஞ்சானா வரும். கட்டமெல்லாம் அறை."

சகாயம்மாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கிடை சார்."

"என்னது?"

"கோடையில ராமநாதபுரத்துக்காரங்க ஆட்டுக்கிடை போடுவாங்க. ராத்திரிக்கு ஒரு இடமா வலையை நகத்தி நகத்திக் கட்டுவாங்க. போன வருஷம் ஒம்பது ராத்திரி. ஆடு படுத்த இடத்துல எரு விழுந்து பயிர் கருகருன்னு வந்துச்சு, நடுவுல விட்டுப்போனது வெளுத்துடுச்சு. இந்தக் கோடைக்கும் வந்தாங்க. ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே!"

ஊரில் யாரையும் கேட்கவில்லை. தொல்லியல் துறையில் இருபத்திரண்டு வருஷம் களப்பணி செய்த கூத்தாநல்லூர் நெய்னா முகம்மது, முதலில் வயலை நடந்து பார்த்து, பானை ஓடு பொறுக்கி, வீடு வீடாக விசாரித்து, அதையெல்லாம் படத்தோடு வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். "நடக்கிறதெல்லாம் பழைய காலம் பாய்" என்று பேராசிரியர் ஒதுக்கிவிட்டார். குழி வெட்ட மட்டும் கூப்பிட்டார்.

படத்தில் கோடு தெரிந்த ஓரிடத்தில், அதற்குக் குறுக்கே ஆளுயரக் குழி வெட்டினார் நெய்னா. களிமண். அதற்குக் கீழும் களிமண். செங்கல் இல்லை, ஓடு இல்லை. மேல்மண்ணில் மட்டும் ஆட்டுப் புழுக்கை.

சாரங்கபாணி குனிந்து பார்த்தார். "சோழர் காலக் கால்நடைக் கொட்டிலா இருக்கலாம்."

"அந்த ஆடு இன்னும் உசுரோடதான் இருக்கு சார். கூட்டிட்டு வரவா?" என்று கேட்டாள் சகாயம்மாள்.

"அமைச்சர் வர்ற தேதி குறிச்சாச்சு. கயிறு அப்படியே இருக்கட்டும்" என்று பேராசிரியர் காரில் ஏறிவிட்டார்.

"அமைச்சர் அடுத்த மாசம்கூட வரலாம் பாய்" என்றாள் சகாயம்மாள். "நாத்து நிக்குமா?"

நெய்னா நோட்டை எடுத்தார். 'குழி ஒன்று. கட்டடம் ஏதுமில்லை. நிலத்தை விடுவிக்கலாம்.' கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதா?"

"பேராவூரணிக்குத் தூக்கி அடிப்பாங்க. அங்க தென்னந்தோப்புல இளநி குடிச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

முளைகளை அவரே பிடுங்கினார். குழியை இருவருமாக மூடினார்கள். மறுநாள் உழவு, அதற்கு மறுநாள் நடவு. நாற்றுக் கட்டோடு வயலில் இறங்கிய நடவுக்காரி வள்ளியம்மை கேட்டாள்: "போலீசு வந்தா என்னக்கா பண்றது?"

"வரட்டுமே. இந்தப் பக்கம் நடவுக்கு ரெண்டு ஆள் குறையுது" என்றாள் சகாயம்மாள், முதல் நாற்றை ஊன்றிக்கொண்டே.