மூன்று குழாய்களில் ஒருத்தி

நோயில்லாத பெண்களின் இரத்தம் கிடைப்பதுதான் சல்வாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. நோயாளிகள் கேட்டதுமே கொடுத்தார்கள். நன்றாக இருக்கிற பெண்ணிடம் போய் மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடு என்றால், துனிசியாவின் இந்த ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் எவள் கை நீட்டுவாள்? நோயின் பெயரை வாயால் சொல்லவே பயந்து 'அந்தப் பொல்லாதது' என்று சொல்லும் ஊர். அதிலும் ரமலான் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நோன்பு முறியும் என்று எல்லாரும் நழுவிவிடுவார்கள்.

இருந்தும் இந்த ரமலானில் நர்ஸ் ஹயாத் மூன்று பெண்களின் இரத்தம் என்று மூன்று குழாய்களைக் கொண்டுவந்து வைத்தாள். கெட்டிக்காரி என்று ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் தவ்ஃபீக் எல்லார் முன்னாலும் மெச்சினார்.

பெருநாள் முடிந்து சல்வா அவற்றைச் சோதித்தாள். மரபணுக்களின் மேல் உடம்பு ஒட்டிவைக்கும் நுண்ணிய வேதிக்குறிகளைப் படிப்பவள் அவள். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே அந்தக் குறிகள் மாறுகின்றனவா, அதை இரத்தத்திலேயே பிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. இந்த மூன்று குழாய்களிலும் நோயாளிகளின் குறிகள் இருந்தன.

இயந்திரக் கோளாறு, நீக்கிவிடு என்றார் தவ்ஃபீக். அவருக்குக் கட்டுரையை அனுப்பும் அவசரம். சல்வாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபட்டே தீர வேண்டிய இடங்கள் மரபணுவில் உண்டு. பார்த்தாள். மூன்றிலும் அவை அச்சு அசலாக ஒன்றே. மூன்று பெண்கள் இல்லை, ஒருத்திதான்.

ரமலானில் பகலில் இரத்தம் கொடுக்கக் கூடியவள் யார்? நோன்பு இல்லாதவள். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது; அப்போது ஹயாத் பின்னறையில் ஒளிந்து ரொட்டியும் மீனும் தின்றதைப் பார்த்து சல்வாவே கேலி செய்திருக்கிறாள். முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிட்டாளே பாவி என்று. பயம் அப்புறம்தான் வந்தது, வந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த மூன்று பேர் யார் என்று ஹயாத்திடமே விசாரித்தாள். ஹயாத் சளைக்கவில்லை.

"பேரு கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கல்லாம்தானே?"

"பேரு வேணாம் அக்கா. அவங்க உடனே மார்புல படம் எடுத்துப் பாக்கணும். அதை மட்டும் சொல்லிடுங்க."

"யாருகிட்ட?"

"மூணு குழாய்லயும் இருக்கிறவங்ககிட்ட."

ஹயாத் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். வேலை போய்விடுமா என்றுதான் முதலில் கேட்டாள். உயிரைவிட அது பெரிதாகப் பட்டதே என்று சல்வாவுக்கு அழுகை முட்டியது. இது இன்னும் நிரூபிக்கப்படாத சோதனை, பொய்யாகவும் போகலாம் என்று ஆறுதல் சொல்லி, அன்றே கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பொய்யாகப் போகவில்லை. எந்த விரலுக்கும் தட்டுப்படாத ஒரு சின்னக் கட்டி படத்தில் தெரிந்தது. அறுத்தெடுத்தார்கள், சீக்கிரமே பிடித்துவிட்டோம் என்றார்கள். தவ்ஃபீக் கத்தித் தீர்த்துவிட்டு, வேலையில் கை வைக்காமல் விட்டார். விதிப்படி அந்தக் குழாய்களைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார்.

சல்வா பார்க்கப் போனபோது ஹயாத் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். நோயாளி யார், பார்க்க வந்தவள் யார் என்றே தெரியவில்லை.

"ஏன்டி சல்வா, நான் யோக்கியமா ஒரே ஒரு குழாய் குடுத்திருந்தா?"

மழுப்பிவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை.

"கோளாறுன்னு தூக்கிப் போட்டிருப்பேன் அக்கா."

ஹயாத் சிரித்தாள். சல்வாவால் சிரிக்க முடியவில்லை. நோயில்லாதவர்களின் வரிசையில் ஒத்துவராத ஒற்றைக் குழாய்களை இதற்கு முன்னும் அவள் நீக்கியிருக்கிறாள். அவர்களில் ஒருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியாது.